வீட்டுக்குத் தூரம்

அல்புகர்க்கிக்கு இன்னும் நூற்றுப் பன்னிரண்டு மைல் என்று பச்சைப் பலகை சொல்கிறது, வீட்டுக்கு எவ்வளவு தூரம் என்று எந்தப் பலகையும் சொல்லாது, அதை நானே சொல்லிக்கொள்கிறேன், இரண்டடி. என் தலைக்குப் பின்னால் இரண்டடியில் ஒரு பழுப்பு நிறத் திரை தொங்குகிறது. திரைக்கு அந்தப் பக்கம் அடுப்பு, ஃபிரிட்ஜ், பாத்திரம் கழுவும் தொட்டி, எதிரெதிரே இரண்டு பெஞ்சு போட்ட மேஜை, கட்டில், கக்கூஸ், இத்தனையும் சக்கரத்தின் மேல். அந்த மேஜையைச் சுற்றி என் புருஷன், என் மகள் ஆதிரை, புருஷனின் அக்காவான என் மதினி ஆவுடையம்மாள், மூன்று பேரும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் நான், ஸ்டியரிங், கண்ணாடி, நியூ மெக்சிகோ. மணிக்கு அறுபது மைல் வேகத்தில் என் வீடு என் முதுகை ஒட்டி வந்துகொண்டிருக்க, நான் மட்டும் வீட்டுக்குத் தூரம். யார் கண்டுபிடித்த வார்த்தையோ. ஒருத்தியைத் தூரம் என்று முதலில் சொன்னவன் ஒரு நாளாவது நெடுந்தூரம் வண்டி ஓட்டியிருக்கமாட்டான். காற்று இடதுபக்கமிருந்து அடிக்கிறது. ஸ்டியரிங்கில் பத்து மணிக்கு ஒரு கை, இரண்டு மணிக்கு ஒரு கை என்று சொல்லிக்கொடுத்ததெல்லாம் காருக்கு, இதை எங்கே பிடிக்க முடிகிறதோ அங்கே பிடித்திருக்கிறேன், உள்ளங்கை வியர்க்கிறது, ஒரு கையை எடுத்துப் பேன்ட்டில் துடைக்கப் பயமாக இருக்கிறது. பயம்தான். இல்லை என்று யார் சொன்னது. பயந்துகொண்டே ஓட்டுகிறேன், ஓட்டமாட்டேன் என்று சொல்லவில்லையே.

டாலஸில் வண்டியை வாடகைக்கு எடுத்து இது மூன்றாம் நாள். கிராண்ட் கேன்யன் பார்க்கவேண்டும் என்று மதினிதான் ஆசைப்பட்டாள், கோவில்பட்டி மின்வாரிய ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் டைப் அடித்து ஓய்வு பெற்று, ஆறு மாத விசாவில் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. ஹோட்டல் வேண்டாம், கண்டவர்கள் படுத்த மெத்தை, அடுப்பும் கிடையாது என்றாள், இவர் உடனே ஆர்.வி., இந்த வீட்டு வண்டி, என்றார், அக்கா வாயைத் திறந்தால் இவருக்கு வேதம். வண்டிக்குள் ஏறியதும் மதினி செய்த முதல் காரியம், கழுகுமலையில் வாங்கிய ஒரு சாண் பித்தளை வேல் ஒன்றை அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில் நிறுத்தி, அதற்கு விபூதி பூசி, ரெண்டு செம்பருத்தி வைத்தது. அதோடு வண்டி வீடாகிவிட்டது. இன்று காலை டுக்கும்காரி என்ற ஊரில், இந்த மாதிரி வண்டிகள் ராத்திரி தங்கும் முகாமில், மேஜையில் உப்புமா ஆறிக்கொண்டிருந்தபோது மதினி கக்கூஸிலிருந்து வந்து கையைக் கழுவிக்கொண்டே, குப்பைக்கூடையில் ஒரு பேட் உறையைப் பார்த்தேன் என்று சொல்லாமல் சொல்லி, யாரு வீட்டுக்குத் தூரம் என்று கேட்டாள். கோபமாக இல்லை. காபிக்குச் சர்க்கரை யாருக்கு என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். ஆதிரையின் கரண்டி தட்டில் நின்றது. நான் அவளைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் முடிந்திருக்கும் கதை. நான்தான் மதினி என்றேன்.

நான்தான் மதினி. எவ்வளவு சுலபமாக வந்தது. பொய் சொல்ல ஒரு தைரியம் வேண்டும் என்பார்கள், எனக்கு வாயைத் திறந்தால் போதுமாக இருந்தது. மதினி கொஞ்ச நேரம் வண்டியை அளந்தாள், இருபத்தைந்து அடியில் ஒருத்தியை எங்கே ஒதுக்குவது, டாலஸில் என்றால் மாடியில் ஒரு அறை இருக்கிறது. அப்புறம் திரையைப் பார்த்தாள். “முன்னால இருக்கது வண்டி, பின்னால இருக்கது வீடு. வேல் இருக்க இடம் வீடுதான. நீ மூணு நாளைக்குத் திரைக்கு அங்கிட்டு இருந்துக்கோ செண்பகம்” என்றாள். தீர்ப்பு. வீட்டுக்கும் வண்டிக்கும் நடுவே இப்படி ஒரு எல்லைக்கோடு இருப்பது அதைச் செய்த கம்பெனிக்கே தெரிந்திருக்காது. அங்கிட்டு இருப்பது இரண்டே சீட், அதில் ஒன்றில் ஸ்டியரிங் இருக்கிறது. சும்மா உட்கார்ந்து வர எனக்கு ஆகாது, அங்கேதான் இருக்கவேண்டும் என்றால் நான்தான் ஓட்டுவேன் என்றேன். இவர் வாயைத் திறந்தார். இரண்டு நாளாக நான் ஓட்டட்டுமா, நான் ஓட்டட்டுமா என்று கேட்டு, இது கார் இல்ல செண்பகம், இது கார் இல்ல என்றே பதில் வாங்கியிருந்தேன், வாடகைத் தாளில் இரண்டாவது டிரைவர் என்று கையெழுத்துப் போட்டதுகூட இவர் தண்ணீர் பாட்டில் வாங்கப் போன நேரத்தில். ஆனால் இவர் சொல்வதற்குள் மதினி முந்திக்கொண்டாள், அதுவும் சரிதான், தம்பி அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு உள்ளுக்கும் வெளிக்குமாக நடந்தால் தீட்டு கலந்துபோகும் என்றாள். சாவி என் கைக்கு வந்தது, கையில் இல்லை, மேஜை ஓரத்தில் வைத்தார்கள், நான் எடுத்துக்கொண்டேன். கெஞ்சிக் கிடைக்காத ஸ்டியரிங் தீட்டில் கிடைத்தது.

லாரி வருகிறது. பக்கக் கண்ணாடியில் சூரியன், சூரியனுக்குள்ளிருந்து லாரி, பதினெட்டுச் சக்கரம், வரட்டும், முதலில் தள்ளும், தாண்டும்போது உள்ளே இழுக்கும், மறுபடி தள்ளும், மூன்றுக்கும் ஸ்டியரிங்கை மூன்று விதமாகப் பிடிக்கவேண்டும், இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, ஒரு மணி நேரத்தில் நானே கற்றுக்கொண்டேன். போ. போய்விட்டது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நேரானது, பின்னால் பாத்திரம் சரிந்து விழும் சத்தம், மதினி முருகா என்கிறாள். இவரிடமிருந்து சத்தமே இல்லை. இவருக்குக் கழுத்து பிடித்திருக்கிறது, ராத்திரி டிரைவர் சீட்டுக்கு மேலே இருக்கும் பலகைக் கட்டிலில் படுத்து எழுந்ததில். கழுத்தா, இல்லை வேறு ஏதாவதா. காலையில் நான்தான் மதினி என்று நான் சொன்னபோது இவர் கையில் காபிக் கோப்பை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. ஒரு நொடி. அப்புறம் குடித்தார். அந்த ஒரு நொடிதான் அறுபது மைலாக என் கூடவே வருகிறது. ஏனென்றால் இவருக்குத் தெரியும். எனக்குக் கர்ப்பப்பையை எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. மதினிக்குத் தெரியாது, அக்கா பயந்துபோவாள் என்று குடலிறக்க ஆபரேஷன் என்று போனில் சொன்னதே இவர்தான். ஆஸ்பத்திரியில் என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஃபாரத்தில் கையெழுத்துப் போட்ட மனுஷனுக்கு, நானில்லை என்றால் வேறு யார் என்று தெரிய எவ்வளவு நேரம் ஆகும். வண்டியில் இருக்கும் பொம்பளைகள் மூன்று பேர். ஒருத்திக்கு அறுபத்திரண்டு வயது. ஒருத்திக்குப் பை இல்லை.

அம்மா, வந்துடுச்சு. விடிந்தும் விடியாமல் முகாமின் பொதுக் குளியலறையில், பல் தேய்க்கும் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே ஆதிரை அப்படித்தான் சொன்னாள், தபால் வந்துவிட்டது என்பதுபோல. பன்னிரண்டு வயது. ஒரு வருஷமாக என் கைப்பையில் அவளுக்காக வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். பயமாக இருக்கிறதா என்றேன், இல்லை, வயிறு இழுக்கிறது என்றாள். அப்புறம் கதவுக்குப் பின்னாலிருந்து, அத்தையிடம் சொல்லாதே, யாரிடமும் சொல்லாதே, அப்பாவிடமும், ப்ராமிஸ் என்றாள். ப்ராமிஸ் என்றேன். உறையை அங்கே போடாமல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டுவந்து வண்டிக் கூடையில் போட்டிருக்கிறாள், அது எனக்கு அப்போது தெரியாது. அத்தை வந்த வாரமே டாலஸில் டி.வி.யில் போட்டுக் காட்டிய சடங்கு வீடியோவை அவள் பார்த்திருந்தாள், மூன்று மணி நேரம், யாரோ ஒன்றுவிட்ட அக்கா மகள், மாலை போட்டு, ட்ரோன் காமிராவில் பந்தலுக்கு மேலிருந்து எடுத்தது, அந்தப் பிள்ளை ஒரு தடவைகூடக் காமிராவைப் பார்க்கவில்லை. இது எல்லாருக்கும் எப்படித் தெரியும் அம்மா என்று அப்போது கேட்டாள். சொல்லுவார்கள் என்றேன். ஏன் என்றாள். நாள் முழுக்க ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு, குழாய் குழாயாக எடுத்துப் பெயர் ஒட்டி அனுப்புகிறேன், யார் ரத்தம் எப்படி இருக்கிறது என்று அவர்கள் புருஷனுக்குச் சொன்னால்கூட என் வேலை போய்விடும், என் மகளின் ரத்தத்துக்கு மட்டும் பந்தலும் ட்ரோனும். இன்று காலை நான் பொய் சொல்லி அவளைக் காப்பாற்றினேன். அந்தப் பொய்யே அவள் அப்பாவுக்கு உண்மையைச் சொல்லிவிட்டது. யாரிடமும் சொல்லாதே என்றாள், ஒரு மணி நேரத்தில் ஒருவரிடம் சொல்லிவிட்டேன், வாயைத் திறந்து இல்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன். இவர் அக்காவிடம் சொல்லிவிடுவாரா. இந்த நிமிஷம் திரைக்குப் பின்னால் சொல்லிக்கொண்டிருக்கிறாரா. என்ஜின் இரைச்சலில் பாதி கேட்கிறது, பாதி கேட்கவில்லை.

கேட்காவிட்டாலும் எனக்குத் தெரியும் என்ன நடக்கும் என்று. மதினி ஐயோ தாயி என்பாள், கண் கலங்கும், போனை எடுப்பாள், முதலில் சாத்தூர், அப்புறம் கோவில்பட்டி, அப்புறம் துபாயில் இருக்கும் சித்தப்பா மகன், அல்புகர்க்கி போய்ச் சேர்வதற்குள் நாலு தேசத்துக்குத் தெரிந்துவிடும். எனக்கு நடந்தது அதுதான், எட்டாம் வகுப்பில், போன் இல்லாத காலத்திலேயே. பின்கட்டில் தென்னங்கீற்றில் குச்சு கட்டி உட்காரவைத்தார்கள், தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய், காலடியில் ஒரு உலக்கை. அன்றைக்குத்தான் பள்ளிக்கூடத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் சுற்றுலா. விடிகாலையில் பஸ் எங்கள் தெருமுனையில் வந்து நின்று ஹாரன் அடித்தது, ஒரு தடவை இல்லை, நாலு தடவை, டீச்சர் இறங்கி வந்து கதவைத் தட்டினார், செண்பகவல்லி வரலையா என்றார். பிள்ளைக்கு உடம்புக்கு முடியல என்று அம்மா சொன்னாள். கீற்று இடுக்கில் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமே இல்லை, ஓடினால் பஸ்ஸைப் பிடித்திருப்பேன், டிபன் டப்பாவில் புளிச்சாதம்கூடக் கட்டியாகிவிட்டது. டீச்சரிடம் மறைத்த அதே அம்மா பதினாறாம் நாள் மைக்செட் வைத்தாள், குழாயை வேப்பமரத்தில் கட்டினார்கள், தெருவுக்கே கேட்டது, என் வகுப்புப் பையன்கள் சைக்கிளில் வந்து நின்று பார்த்தார்கள், அதில் ஒருவன் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டும் போனான். முதல் நாள் ரகசியம், பதினாறாம் நாள் மைக்செட். நடுவில் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடலை நான் முதலில் பார்த்தது இருபத்தைந்து வயதில், கல்யாணமாகி வந்த விமானத்தின் ஜன்னல் வழியாக, அதுவும் இறக்கை பாதியை மறைத்துக்கொண்டது.

பின்னால் மறுபடி கிணுகிணு என்கிறது. அலமாரிக்குள் வேல் ஆடுகிறது. ரோட்டில் இங்கே ஒட்டுப் போட்டிருக்கிறார்கள், ஒட்டுக்கு ஒரு தடவை கிணுங். மதினிக்குப் பொறுக்காது என்று நினைத்தேன், பொறுக்கவில்லை, “ஆதிரை, வேல் விழுந்துரும் போல இருக்கு தாயி, அத எடுத்து மடியில வச்சுக்கோ” என்கிறாள். என் கால் தானாக ஆக்ஸிலேட்டரிலிருந்து எழும்பியது. பின்னாலிருந்து ஒரு கார்க்காரன் ஹாரன் அடித்தான். அவள் என்ன செய்வாள், மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாள் மதினி, ஏன் என்று கேட்டால் அவளுக்குப் பொய் வராது, டாலஸில் வளர்ந்த பிள்ளை, பல் தேய்த்தாயா என்றால்கூட இல்லை என்றுதான் சொல்லும். அலமாரிக் கதவு திறக்கும் சத்தம். கிணுகிணு நின்றது. நின்றேவிட்டது. அப்படியென்றால் மடியில் இருக்கிறது. வேல் என் மகள் மடியில் இருக்கிறது, இன்றைக்கு, முதல் நாள், இந்த வண்டியில் அதை எங்கே வைக்கக் கூடாதோ சரியாக அங்கே. நான் காத்திருக்கிறேன். எதற்குக் காத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை, டயர் வெடிக்கவா, இடி விழவா, படித்தவள், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள், நாற்பத்து நாலு வயது, இருந்தும் முதுகுத் தண்டு விறைத்துக்கொண்டு காத்திருக்கிறது, அந்த விறைப்பு என்னுடையது இல்லை, அது அம்மா கொடுத்தது. ஒரு மைல் கல் போனது. இன்னொன்று போனது. காற்றுகூடக் குறைந்திருக்கிறது. வேல் சும்மா இருக்கிறது. பித்தளைக்கு இது தெரியாது, தெரிந்தாலும் அலட்டிக்கொள்ளாது, அலட்டிக்கொள்வதெல்லாம் நாம்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தமாக வந்துவிட்டது, என்ன சிரிப்பு என்று மதினி கேட்டாள். லாரிக்காரன் கையாட்டினான் என்றேன். இரண்டாவது பொய், இதுவும் தடங்கலில்லாமல் வந்தது.

மதினியைக் கெட்டவள் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். அப்படி இல்லையே. ஒன்பது வயதில் தாயில்லாமல் நின்ற தம்பியை வளர்த்து, இஞ்சினியராக்கி, எனக்குக் கட்டிக்கொடுத்தவள். கல்யாணமாகி நாலாம் வருஷம் புருஷன் போய், பிள்ளை கிடையாது, இருபத்தாறு வயதிலிருந்து எந்த விசேஷத்திலும் அவளை முன்னால் நிற்கவிட்டதில்லை. அந்த ட்ரோன் வீடியோவிலும் பார்த்தேன், இருநூறு பேருக்குச் சமைத்த அண்டா பக்கத்தில் நிற்கிறாள், ஆரத்தி எடுக்கும்போது தூணுக்குப் பின்னால். பெட்டியில் அரக்குக் கலரில் ஒரு பட்டுப்பாவாடையும் தாவணியும் கொண்டுவந்திருக்கிறாள், என்றைக்கு வந்தாலும் வரட்டும் என்று. டாலஸில் ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே, இங்கே யார் வந்து நம்மைக் கேட்கப்போகிறார்கள், என் மருமகளுக்கு நானே ஆரத்தி எடுப்பேன் என்றாள், சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள், நான் எடுங்க மதினி என்றேன். எடுங்க என்று சொன்ன வாயால்தான் இன்று காலை பொய் சொன்னேன். அவளிடமிருந்து எதையோ திருடிவிட்டதுபோல இருக்கிறது. இருக்கட்டும். அவளுக்கு நடந்த அநியாயத்துக்கு என் மகள் நஷ்டஈடு இல்லை. அவளைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தியவர்களிடம் போய்க் கேட்கவேண்டியதை, பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வயிற்றிலிருந்து எடுத்துக் கொடுக்க முடியாது. பாவமாகத்தான் இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது, இரண்டும் ஒரே ஆளின் மேல், ஒரே நேரத்தில், நான் வேறு ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கவேண்டும்.

திரைக்கு அடியில் ஏதோ உரசும் சத்தம். கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தேன். காகிதத் தட்டில் எலுமிச்சைச் சாதம், ஓரத்தில் ஒரு அப்பளம், தரையோடு தரையாக இந்தப் பக்கம் தள்ளப்படுகிறது, மதினியின் விரல் நுனி தெரிந்து மறைந்தது. பசிக்கும், சாப்பிடு செண்பகம், வண்டி நிக்கும்போது சாப்பிடு என்றாள், அக்கறையாகத்தான் சொன்னாள். ரோட்டில் ஒட்டு வந்ததும் அப்பளம் நழுவித் தரையில் விழுந்தது. முப்பது வருஷம் கழித்து மறுபடி தனித் தட்டு. நானாக வரவழைத்துக்கொண்டதுதான், யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, பொய்யென்று எனக்குத் தெரியும், தெரிந்தும் தட்டு தெரியாதபடி கண்ணாடியைத் திருப்பி வைத்தேன், இது என்ன கூத்து. பின்னால் ஆதிரை ஏதோ கேட்டாள். இவர் ஏதோ சொன்னார். மதினி, அம்மாவுக்கு அப்படித்தான் கொடுக்கணும் தாயி, கையில கொடுக்கக் கூடாது என்றாள். அப்புறம் பேச்சே இல்லை. இவர் அக்காவிடம் சொல்லிவிட்டார். இல்லை, சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மதினி சும்மா இருப்பாளா. பெல்ட் கழற்றும் டிக் சத்தம் கேட்டது.

திரையை விலக்கிக்கொண்டு ஆதிரை வந்தாள். ஒரு கையால் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் வேல். தரையில் கிடந்த தட்டைப் பார்த்தாள், குனிந்து அதை எடுத்து நடுவில் இருந்த பெட்டியின் மேல் என் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தாள், பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். ஓடுகிற வண்டியில் எழுந்து வராதே, பெல்ட்டைப் போடு என்றேன், வேறு என்ன சொல்வது. போட்டாள். வேலை மடியில் வைத்துக்கொண்டாள், நிமிர்த்தி. “அங்கிட்டுப் போகாத தாயி, அம்மா தூரம்ல, வேலை வேற கொண்டுட்டுப் போயிட்ட” என்று பின்னாலிருந்து மதினி பதறினாள். ஆதிரை திரும்பவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே, அவளுடைய அந்த மழுங்கின டாலஸ் தமிழில் சொன்னாள்.

“அம்மா இல்ல அத்தை. நான்தான்.”

அதே வார்த்தை. நான்தான். என் வாயிலிருந்து வந்தபோது அது பொய்யாக இருந்தது. ஒரு லாரி தாண்டிப் போனது, தள்ளியது, இழுத்தது, தள்ளியது, நான் பிடித்துக்கொண்டேன். என்ன பிள்ளை இது, நாலு மணி நேரமாக நான் எதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேனோ அதை ஒரு அப்பளம் கீழே விழுந்ததற்காகத் தூக்கிப் போட்டுவிட்டாள். அப்ப வேல் என்றாள் மதினி, குரல் பாதிதான் வந்தது. என் மடியிலதான் இருக்கு, அது ஒண்ணும் சொல்லல என்றாள் ஆதிரை. மதினி மறுபடி வண்டியை அளப்பது எனக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, மின்வாரியத்தில் ஒரு எழுத்துப் பிழைக்குப் பக்கம் முழுக்கத் திரும்ப அடித்தவள். கணக்காக யோசித்துச் சொன்னாள். “அப்ப நீ எதுக்கு அங்க உக்காந்திருக்க. வண்டிய ஓரங்கட்டு. நீ உள்ள வா, பிள்ளை அங்கிட்டு இருக்கட்டும், தம்பி ஓட்டட்டும்.” நியாயம்தான். அவள் சட்டப்படி பார்த்தால் அவளைப்போலவே தீட்டென்பது அறவே இல்லாத பொம்பளை நான், டாக்டர் எழுதிக் கொடுத்த சர்டிபிகேட்கூட இருக்கிறது. போகலாம். போய் பெஞ்சில் உட்கார்ந்து சூடாக ஒரு காபி குடிக்கலாம், கையில் கொடுப்பார்கள். வலதுபக்கம் ஒதுங்க இடம் வந்தது. ஓய்விடம், ஒரு மைல் என்று பலகையும் வந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனேன்.

“நான் வரமாட்டேன் மதினி. நான்தான் ஓட்டுவேன். பிள்ளை எங்க உக்காரணும்னு பிள்ளையே சொல்லட்டும்.”

தம்பி என்றாள் மதினி. அந்தத் தம்பிக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், பத்தொன்பது வருஷமாகக் கேட்டு வருகிறேன், அந்த ஒரு சொல்லுக்கு இவர் டெலிவிஷனை நிறுத்தியிருக்கிறார், வேலையை மாற்றியிருக்கிறார், என்னைக் கட்டியதே அதற்குத்தான். இவர் தொண்டையைச் செருமினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். இவர் எழுந்து வந்து என் தோளைத் தொட்டு, செண்பகம், நிறுத்து என்றால் நான் என்ன செய்வேன். நிறுத்தமாட்டேன். இவர் கையைத் தட்டிவிடுவேனா, மகள் பார்க்க, எழுபது மைல் வேகத்தில், ஆமாம், எழுபதுக்கு எப்போது போனேன், தட்டிவிடுவேன். “அக்கா, எனக்குக் கழுத்து பிடிச்சிருக்கு” என்றார் இவர். கொஞ்சம் விட்டு, “அவளே ஓட்டட்டும். நல்லாத்தான் ஓட்டுறா” என்றார். இவ்வளவுதான். அக்காவுக்கு எதிராக இந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்று பத்தொன்பது வருஷம் காத்திருந்தேன், வந்தது, கழுத்து வலியோடு வந்தது. எனக்கு வேண்டியது வீர வசனமா என்ன. இதை வைத்துக்கொள்கிறேன்.

ஏழெட்டு மைல் போனது. ஆதிரை என் தட்டிலிருந்து எலுமிச்சைச் சாதத்தை அள்ளித் தின்றாள், கடலையை மட்டும் பொறுக்கி எனக்கு நீட்டினாள், வாயில் வாங்கிக்கொண்டேன். வயிறு வலிக்கிறதா என்றேன். கொஞ்சம் என்றாள். அப்பாவுக்கு நான் சொல்லவில்லை, ஆனால் என்னால்தான் தெரிந்தது என்றேன். பரவாயில்லை என்றாள். அப்போதுதான் திரைக்கு மிக அருகில் மதினியின் குரல், தணிந்து, மணி என்ன இருக்கும் என்றது. பத்தே கால் என்றேன். “இப்ப இல்ல. பிள்ளைக்கு. வந்தப்ப எத்தன மணி இருக்கும்?”

ஜாதகம். அதை நான் மறந்தே போயிருந்தேன். பிறந்த நேரத்துக்கு ஒன்று, பெரிய மனுஷியான நேரத்துக்கு ஒன்று. எனக்கு எழுதினார்கள், செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து பத்து, நட்சத்திரம் ஆகாது, போகிற வீட்டில் மாமனாருக்குக் கண்டம் என்று. அந்தத் தாளைப் பார்த்து இரண்டு வீட்டுக்காரர்கள் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். மாமனார் ஏற்கெனவே செத்துப்போயிருந்ததால்தான் இந்த வீட்டில் என்னை எடுத்தார்கள், மதினியே ஒரு தடவை சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். நான் யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது, இவரிடம்கூட. ஐந்து பத்து என்பது அம்மா என் பாவாடையைப் பார்த்த நேரம். எனக்கு வந்தது அதற்கு முந்தின நாள் சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது. சுற்றுலாவுக்கு விடமாட்டார்கள் என்று ராத்திரி முழுக்க மறைத்தேன், பழைய தாவணியைக் கிழித்து வைத்துக்கொண்டு, விடிந்தால் பஸ் ஏறிவிடலாம் என்று, பஸ் வர ஒரு மணி நேரம் இருக்கும்போது மாட்டிக்கொண்டேன். கிழமை தப்பு, மணி தப்பு, நட்சத்திரம் தப்பு, அந்தத் தாளில் இருந்தவள் நானே இல்லை, அவளுக்குத்தான் கண்டமெல்லாம். சொல்லியிருந்தால் திருத்தி எழுதியிருப்பார்கள். சொல்லவில்லை. என்னிடமிருந்து அவர்களால் எடுக்க முடியாமல் போனது அந்த ஒரு சாயங்காலம் மட்டும்தான்.

“எந்த ஊர் டைம் அத்தை? டாலஸா, இங்கயா, கோவில்பட்டியா?” என்று கேட்டாள் ஆதிரை. கிண்டலா நிஜமா என்று எனக்கே பிடிபடவில்லை. மதினி அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டு யோசித்தாள், இவரிடம் ஏதோ கேட்டாள், டாலஸுக்கும் இந்த ஊருக்கும் ஒரு மணி வித்தியாசம் என்று இவர் விளக்கினார். பிள்ளை நின்ன ஊரு டைம்தான் செல்லும் என்று முடிவுக்கு வந்தாள் மதினி. குளியலறைச் சுவரில் ஒரு வட்டக் கடிகாரம் இருந்தது, அந்த நேரம் எனக்கு நிமிஷத்தோடு தெரியும். ஆதிரை என்னைப் பார்ப்பது கண்ணோரத்தில் தெரிந்தது. நான் ரோட்டைப் பார்த்தேன். “செண்பகம், நீ பக்கத்துலதான இருந்த, நீயாவது சொல்லு” என்றாள் மதினி, குரலில் அதிகாரம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது, அதுதான் கஷ்டமாக இருந்தது. எனக்குத் தெரியாது மதினி, பிள்ளையைக் கேளுங்க என்றேன்.

“தெரியும் அத்தை” என்றாள் ஆதிரை, விரலில் ஒட்டியிருந்த சோற்றை நக்கிக்கொண்டே. “ஆனா சொல்லமாட்டேன்.”

மதினி விடமாட்டாள், அல்புகர்க்கி போய்ச் சேர்வதற்குள் இன்னும் நாலு தடவை கேட்பாள், மகளிடம் இரண்டு தடவை, என்னிடம் இரண்டு தடவை. கேட்கட்டும்.